மோட்டார் ஏன் எரிகிறது?

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



உரம், விதை, பூச்சி மருந்து என்று பேச வருகிறவன் நான். இன்றைக்குக் கரண்டைப் பற்றிப் பேசப் போகிறேன். "வேளாண்மை அலுவலருக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் விக்கிரமங்கலம் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். கரும்பு தோகை சுருண்டு வாடி நின்றது. தண்ணீர் காட்டிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. போரில் தண்ணீர் இருக்கிறது. கம்பத்தில் கரண்டும் இருக்கிறது. மோட்டார் மட்டும் இல்லை. அது காயில் கட்டுகிற கடையில் கிடக்கிறது. தோட்டக்காரப் பெரியவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

"சார், இதோட மூணாவது தடவை காயில் கட்டுறேன். கரண்டுல கோளாறா, மோட்டாருல கோளாறா, ஒண்ணும் புரியலீங்க" என்றார்.

கொட்டகைக்குள் போய்ப் பார்த்தேன். பியூஸ் கட்டையில் பியூஸ் கம்பிக்குப் பதிலாகத் தடித்த கம்பியை முறுக்கிக் கட்டியிருந்தது. ஸ்டார்ட்டர் விழாமல் இருக்க ஒரு மரக்குச்சியைச் செருகி வைத்திருந்தது. உள்ளே ஓவர்லோடு ரிலேயின் திருகு கடைசி அளவு வரை திருப்பப்பட்டிருந்தது. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. கரண்டிலும் கோளாறு இல்லை, மோட்டாரிலும் கோளாறு இல்லை. மோட்டாரைக் காப்பதற்கென்று அந்தப் பெட்டிக்குள் வைத்திருந்த மூன்று காவலையும் நாமே கட்டிப் போட்டுவிட்டோம்.

அந்தப் பெரியவருக்குக் கொட்டகை வாசலில் உட்கார்ந்து நான் சொன்னதைத்தான் இன்றைக்கு உங்களுக்கும் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் 1990-ஆம் ஆண்டு முதல் விவசாயப் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். 20 லட்சத்துக்கும் மேலான விவசாய இணைப்புகள் இருக்கின்றன. கரண்டுக்கு நாம் காசு கட்டுவதில்லை. ஆனால் மோட்டார் எரிந்தால் காயில் கட்டுகிற காசு நம்முடையது. வாடுகிற பயிரும் நம்முடையது. கொட்டகையில் ஷாக் அடித்தால் போகிற உயிரும் நம் வீட்டு உயிர்தான். ஆகவே கரண்டு என்றால் என்ன, பெட்டிக்குள் இருக்கிற ஒவ்வொரு சாமானும் எதற்கு என்று தெரிந்துகொள்வது உரக்கணக்கு தெரிந்துகொள்வதைப் போலவே அவசியம்.

மூன்று சொற்கள்

முதலில் வோல்ட், ஆம்பியர், ஓம் என்ற மூன்று சொற்களைத் தெரிந்துகொள்வோம். வோல்ட் என்பது இத்தாலி நாட்டு வோல்டா பெயரால் வந்தது. 1800-ஆம் ஆண்டில் முதன்முதலாக மின்கலம் செய்து காட்டியவர் அவர். ஆம்பியர் பிரெஞ்சு நாட்டு அறிஞர். ஓம் ஜெர்மனிக்காரர், 1827-ல் கரண்டின் கணக்கை எழுதி வெளியிட்டவர். அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள நம் ஊர்த் தண்ணீர்த் தொட்டி போதும்.

ஊரில் மேல்நிலைத் தொட்டி இருக்கிறது. தொட்டி எவ்வளவு உயரமோ, குழாயில் தண்ணீர் அவ்வளவு வேகமாகத் தள்ளும். அந்தத் தள்ளுகிற சக்திதான் வோல்ட், அதாவது மின்னழுத்தம். குழாயில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை குடம் தண்ணீர் வருகிறதோ, அது ஆம்பியர், அதாவது மின்னோட்டம். குழாய் சிறுத்திருந்தால், உள்ளே பாசி பிடித்திருந்தால், தண்ணீர் குறைகிறது அல்லவா? அந்தத் தடைதான் ஓம், அதாவது மின்தடை.

அழுத்தம் கூடினால் ஓட்டம் கூடும். தடை கூடினால் ஓட்டம் குறையும். வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர் வரும். ஓம் சொன்ன கணக்கு இவ்வளவுதான். இந்த ஒரு வகுத்தல் கணக்கை வைத்துக்கொண்டே கொட்டகையில் நடக்கிற பாதி விஷயங்களை விளங்கிக்கொள்ளலாம்.

தண்ணீருக்கும் கரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தண்ணீர் வயலுக்குப் போனால் போனதுதான். கரண்டு அப்படி இல்லை. புறப்பட்ட இடத்துக்கே திரும்பிச் சேர வழி இருந்தால்தான் அது ஓடும். போக ஒரு வழி, திரும்ப ஒரு வழி, இரண்டும் சேர்ந்த முழு வட்டம் வேண்டும். இதைத்தான் மின்சுற்று என்கிறோம். எந்த இடத்தில் வட்டத்தை வெட்டினாலும் ஓட்டம் நின்றுவிடும். சுவிட்சு செய்கிற வேலை வட்டத்தை வெட்டுவதும் சேர்ப்பதும்தான்.

கோயில் திருவிழாவில் சீரியல் செட் போடுவார்களே, பார்த்திருப்பீர்கள். பழைய செட்டில் ஒரு பல்பு போனால் அந்த வரிசையே அணைந்துவிடும். எல்லாப் பல்பும் ஒரே வழியில் ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்திருப்பதே காரணம். இது வரிசை இணைப்பு. வீட்டு விளக்குகள் அப்படி இல்லை. ஒன்று போனாலும் மற்றது எரியும். ஒரு வாய்க்காலிலிருந்து பாத்திக்குப் பாத்தி தனித்தனி மடை வைப்பது போல அது பக்க இணைப்பு. பியூஸ், சுவிட்சு, ஸ்டார்ட்டர் எல்லாம் மோட்டாருக்குப் போகிற வழியிலேயே வரிசையாகக் கோக்கப்பட்டவை. அவற்றில் ஒன்று வழியை வெட்டினால் மோட்டார் நிற்க வேண்டும். அதற்காகவே அப்படி வைத்திருக்கிறது.

மூன்று பேஸ் எதற்கு?

டார்ச் லைட்டில் இருப்பது ஒரே திசையில் ஓடுகிற நேர் மின்சாரம். சோலார் தகடு கொடுப்பதும் அதுவே. கம்பத்தில் வருவது மாறு மின்சாரம். ஒரு வினாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய் வருகிறது. இப்படி மாறுகிற மின்சாரத்தின் அழுத்தத்தை டிரான்ஸ்பார்மர் வைத்துக் கூட்டலாம், குறைக்கலாம். நமக்குப் பக்கத்து மாவட்டத்து நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். அங்கிருந்து லட்சக்கணக்கான வோல்ட்டில் அனுப்பி, ஆயிரக்கணக்கான வோல்ட்டாகக் குறைத்து, நம் ஊர் டிரான்ஸ்பார்மரில் 400 சொச்சம் வோல்ட்டாக இறக்கிக் கொடுக்கிறார்கள். அழுத்தம் அதிகமாக இருந்தால் அதே சக்தியைக் குறைந்த ஆம்பியரில் அனுப்பலாம். வழியில் சேதாரமும் குறையும்.

நம் கொட்டகைக்கு வருவது மூன்று பேஸ், ஒரு நியூட்ரல். இரண்டு பேஸ்களுக்கு நடுவே 400 முதல் 415 வோல்ட் இருக்கும். ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 முதல் 240 வோல்ட் இருக்கும்.

மூன்று எதற்கு? ஒரே உரலில் மூன்று பெண்கள் உலக்கை மாற்றி மாற்றிப் போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒருத்தி தூக்கும்போது இன்னொருத்தி குத்துவாள். உரலில் இடைவெளியே இருக்காது. அப்படித்தான் மூன்று பேஸும் முறை வைத்து மோட்டாரைத் தள்ளுகின்றன. மோட்டார் ஒரே சீராகச் சுழல்கிறது.

நடுவில் ஒருத்தி உலக்கையைப் போட்டுவிட்டுப் போய்விட்டால்? மற்ற இரண்டு பேர் தலையில் முழு வேலையும் விழும். மோட்டாரிலும் இதுவே நடக்கிறது. ஓடுகிற மோட்டாருக்கு ஒரு பேஸ் போய்விட்டால், மற்ற இரண்டு பேஸிலும் ஆம்பியர் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு ஆகிவிடும். காயிலில் உண்டாகிற சூடு ஆம்பியரைப் போல ஏறுவதில்லை. ஆம்பியரை அதே ஆம்பியரால் பெருக்கினால் வருகிற அளவுக்கு ஏறும். ஒன்றே முக்காலை ஒன்றே முக்காலால் பெருக்கிப் பாருங்கள், மூன்று வருகிறது. மூன்று மடங்கு சூடு! எத்தனை நிமிடம் தாங்கும் அந்தக் காயில்? நம் பக்கத்தில் மோட்டார் எரிவதற்கு முக்கியமான காரணங்களில் இது ஒன்று.

நின்றிருக்கிற மோட்டாரை இரண்டு பேஸில் போட்டால் அது சுழலாது. 'உம்' என்று உறுமும். உறுமல் கேட்டதும் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். "ஒரு தட்டுத் தட்டினா ஓடிடும்" என்று கயிறு சுற்றி இழுத்துவிடுவது மோட்டாரை நாமே கொல்வதாகும்.

பெட்டியைத் திறந்து பார்ப்போம்

இப்போது பெட்டிக்குள் இருக்கும் சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். மின்சாரம் இருக்கும்போது யாரும் பெட்டியைத் திறக்கக் கூடாது. மெயினை இறக்கி, பியூஸ் கட்டைகளைக் கழற்றி வைத்துக்கொண்ட பிறகே திறக்க வேண்டும்.

முதலில் பியூஸ். வழியிலேயே வேண்டுமென்று வைத்த பலவீனமான கம்பி அது. ஓட்டம் அளவு மீறினால் முதலில் தான் உருகி, வட்டத்தை வெட்டிவிடும். "அடிக்கடி பியூஸ் போவுது சார்" என்று தடித்த கம்பி போட்டால் என்ன ஆகும்? பியூஸ் போகாது, மோட்டார் போகும். ஐந்து குதிரைத் திறன் மோட்டார் முழுச் சுமையில் ஒவ்வொரு பேஸிலும் ஏறக்குறைய ஏழரை முதல் எட்டு ஆம்பியர் இழுக்கும். நீர்மூழ்கி மோட்டார் இன்னும் சற்றுக் கூடுதலாக இழுக்கும். உங்கள் மோட்டாரின் உடம்பில் ஒரு தகடு அடித்திருப்பார்கள். அதில் எழுதியிருக்கிற ஆம்பியரே உங்களுக்குச் சரியான கணக்கு. மோட்டார் கிளம்புகிற நொடியில் அதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். அதையும் தாங்கி, அதற்கு மேல் உருகுகிற அளவில் பியூஸ் கம்பியைத் தெரிந்தவர் கையால் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று கட்டையிலும் ஒரே அளவுக் கம்பி இருக்க வேண்டும். ஒன்றில் மெல்லியதும் இரண்டில் தடித்ததும் போட்டால், மெல்லியது மட்டும் போய், நாமே ஒரு பேஸை வெட்டிக் கொடுத்ததாகிவிடும்.

அடுத்து ஸ்டார்ட்டர். பச்சைப் பொத்தானை அழுத்தியதும் உள்ளே ஒரு காயிலில் கரண்டு பாய்கிறது. கம்பிச் சுருளில் கரண்டு பாய்ந்தால் அது காந்தமாகும். அந்தக் காந்தம் தொடுமுனைகளை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது, மோட்டார் ஓடுகிறது. இதற்கு நோ வோல்ட் காயில் என்று பெயர். கரண்டு போனால் காந்தம் போகும், தொடுமுனை விலகும். திரும்பக் கரண்டு வந்தாலும், ஆள் வந்து பொத்தானை அழுத்தினால்தான் மோட்டார் ஓடும்.

"ராத்திரியில யாருங்க எழுந்து போறது?" என்று இதில்தான் குச்சியைச் செருகுகிறோம். கரண்டு போய் வரும்போது என்ன நடக்கும் என்று யோசியுங்கள். ஒரு டிரான்ஸ்பார்மரில் இருபது மோட்டார் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருபதும் ஒரே நொடியில் கிளம்பி, ஒவ்வொன்றும் ஐந்தாறு மடங்கு ஆம்பியர் இழுத்தால், வோல்ட் அப்படியே விழுந்துவிடும். டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போகும். சில சமயம் ஒரு பேஸில் மட்டும் போகும். பிறகு எல்லா மோட்டாரும் இரண்டு பேஸில் மாட்டிக்கொள்ளும். கரண்டு இல்லை என்று பம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிற ஆளின் கதி என்ன? தானாகக் கிளம்ப வேண்டும் என்றால் அதற்கென்று ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்கிறது. மூன்று பேஸும் இருக்கிறதா, வோல்ட் சரியா என்று பார்த்து, சற்றுப் பொறுத்துக் கிளப்புகிற சாதனம் அது. இப்போது கைப்பேசியிலிருந்தே நிறுத்துகிற வகையும் வந்துவிட்டது. குச்சிக்குப் பதில் அதை வாங்கி வையுங்கள்.

மூன்றாவது ஓவர்லோடு ரிலே. இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை இதற்குள் இருக்கிறது. சூடேறினால் ஓர் உலோகம் அதிகமாக நீளும், மற்றது குறைவாக நீளும், பட்டை வளைந்துகொள்ளும். வளைந்த பட்டை காயிலின் வழியை வெட்டிவிடும், மோட்டார் நிற்கும். நேரடி ஸ்டார்ட்டரில் இதை மோட்டார் தகட்டிலுள்ள ஆம்பியருக்கு வைக்க வேண்டும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் அளவு வேறு. அதை மின்பணியாளர் கணக்குப் பார்த்து வைக்கட்டும். ரிலே விழுந்தால் உடனே திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். அது உங்களைக் கூப்பிட்டுச் சொல்கிறது, "ஐயா, ஏதோ கோளாறு" என்று. சில நிமிடம் ஆறவிட்டு, என்ன கோளாறு என்று பாருங்கள்.

நான்காவது ஆம்பியர் மீட்டரும் வோல்ட் மீட்டரும். நிறையக் கொட்டகைகளில் இவை முள் அசையாமல் செத்துக் கிடக்கின்றன. மருத்துவர் நாடி பிடிப்பது போல இந்த முள்ளைப் பார்க்க வேண்டும். வழக்கமாக எட்டு ஆம்பியர் காட்டுகிற மோட்டார் பத்து காட்டினால், வோல்ட் குறைந்திருக்கலாம், பேரிங் பிடித்திருக்கலாம், மணல் வரலாம். வழக்கத்தை விடக் குறைந்து ஐந்து காட்டினால், போரில் தண்ணீர் இறங்கிவிட்டது, மோட்டார் காற்றை இழுக்கிறது என்று சந்தேகப்படுங்கள். நீர்மூழ்கி மோட்டார் தண்ணீரில்தான் குளிர்கிறது. வறண்டு ஓடினால் அதுவும் போகும். வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மோட்டாரின் சுழற்றுகிற வலு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். அதே தண்ணீரைத் தூக்க அது கூடுதல் ஆம்பியர் இழுத்துச் சூடாகும்.

ஐந்தாவது கண்டென்சர், அதாவது மின்தேக்கி. மின்சாரத்தைச் சிறிது தேக்கி வைத்துத் திருப்பிக் கொடுப்பது இதன் வேலை. மோட்டாருக்குள் காந்தம் உண்டாக்குவதற்கென்று ஒரு பங்கு கரண்டு வீணே போய் வந்துகொண்டிருக்கும். அந்தப் பங்கைப் பக்கத்திலிருந்தே கண்டென்சர் கொடுத்துவிடும். கம்பியில் ஓட்டம் குறையும். வோல்ட்டும் சற்று நிமிரும். ஐந்து குதிரைத் திறன் மோட்டாருக்கு இரண்டு கே.வி.ஏ.ஆர். கண்டென்சர் போதும். மெயினை இறக்கிய பிறகும் இதற்குள் மின்சாரம் தேங்கியிருக்கலாம். உடனே கை வைக்காதீர்கள்.

இந்தக் கண்டென்சரைச் சிலர் வேறு காரியத்துக்கு வைக்கிறார்கள். மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில், இரண்டு பேஸிலிருந்து கண்டென்சர் வழியாக மூன்றாவது பேஸ் போல ஒன்றை உண்டாக்கி மோட்டாரை ஓட்டுகிறார்கள். ஓடத்தான் செய்யும். ஆனால் அந்தப் போலிப் பேஸ் ஒருபோதும் மற்ற இரண்டுக்குச் சமமாக நிற்காது. ஒரு காயிலில் ஓட்டம் கூடும், ஒன்றில் குறையும். உள்ளே சூடேறி, காயிலின் மேல்பூச்சு நாளுக்கு நாள் கருகும். ஒரு நாள் எரியும்போது "நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சே" என்போம். அந்த ஒரு நடைத் தண்ணீருக்கும் காயில் கட்டுகிற செலவுக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு பேஸ் போனால் மோட்டாரைத் தானே நிறுத்துகிற சாதனத்துக்கு சிங்கிள் பேஸ் பிரிவென்டர் என்று பெயர். அதன் விலை ஒரு தடவை காயில் கட்டுகிற செலவில் ஒரு பகுதிதான்.

கம்பியில் போகிற கரண்டு

கம்பத்துக்கும் போருக்கும் நடுவே நூறு மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு நூறு மீட்டரில் தடை ஏறக்குறைய முக்கால் ஓம். எட்டு ஆம்பியர் போனால் ஒவ்வொரு கம்பியிலும் ஆறு வோல்ட் வழியிலேயே போய்விடும். மூன்று கம்பியும் சேர்ந்து 140 வாட் அளவுக்குச் சூடாக வீணாகும். அதே பருமனில் அலுமினியக் கம்பி போட்டால் 230 வாட் வரை போகும். 4 சதுர மில்லிமீட்டர் செம்பானால் 90 வாட்டோடு நிற்கும். தூரம் கூடினால் கம்பியின் பருமனும் கூட வேண்டும்.

அதை விட மோசம் தளர்ந்த இணைப்பு. ஒட்டுப் போட்ட இடத்தில் துரு ஏறி ஒரு ஓம் தடை வந்தது என்றால், எட்டு ஆம்பியர் ஓட்டத்தில் அந்த ஒரே இடத்தில் 64 வாட் சூடு உண்டாகும். பழைய 60 வாட் குண்டு பல்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு சூடு என்று தெரியும். அந்தச் சூடு ஒரு முறுக்குக்குள் அடங்கி இருந்தால் உறை உருகும், தீப்பிடிக்கும், ஒரு பேஸ் அறுந்து போகும். மெயினை இறக்கிவிட்டு மாதம் ஒரு தடவை திருகுகளை இறுக்குங்கள்.

எர்த்தும் உயிரும்

இதுவரை மோட்டாரைப் பற்றிப் பேசினோம். இனி மனிதனைப் பற்றிப் பேசுவோம்.

கரண்டு திரும்பிப் போக வழி தேடும் என்றேன். மோட்டாருக்குள் காயில் பழுதாகி அதன் இரும்பு உடம்பில் கரண்டு ஏறிவிட்டால், அந்த உடம்பைத் தொடுகிற ஆள்தான் மண்ணுக்குப் போகிற வழி. ஈரக் கையும் வெறுங்காலுமாக நிற்கிற ஆளின் உடம்புத் தடையை ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொண்டு ஓமின் கணக்கைப் போடுங்கள். 230 வோல்ட்டை ஆயிரத்தால் வகுத்தால் ஆம்பியரில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. இதில் இருபதில் ஒரு பங்கு போனாலே பிடித்த கையை விட முடியாது. ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு சில நொடி நெஞ்சு வழியாகப் போனால் இதயத் துடிப்பு நிலைகுலையும். எட்டு ஆம்பியர் மோட்டாருக்குப் போட்ட பியூஸ் இதற்கெல்லாம் அசையாது. பியூஸ் கம்பியைக் காக்கும், ஆளைக் காக்காது.

ஆளைக் காப்பதற்கு எர்த் வேண்டும். மோட்டாரின் உடம்பிலிருந்து தடித்த கம்பி எடுத்து, மண்ணில் இறக்கிய குழாயோடு சேர்க்கிறோம். இரண்டரை மீட்டர் ஆழத்துக்கு இரும்புக் குழாய் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைக்க வேண்டும். கசிகிற கரண்டு உங்கள் உடம்பை விட்டு இந்தச் சுலபமான வழியில் போகும்.

இதிலும் ஒரு கணக்கு உண்டு. காய்ந்து போன எர்த்தின் தடை இருபது ஓம் என்றால், 230-ஐ இருபதால் வகுத்தால் பதினொன்றரை ஆம்பியர். 15 ஆம்பியர் பியூஸ் அதற்கு உருகாது. மோட்டார் உடம்பில் கரண்டு இருந்துகொண்டே இருக்கும். ஆகவே எர்த்தோடு மின் கசிவுத் தடுப்பானும் வைப்பது நல்லது. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமா என்று இது பார்த்துக்கொண்டிருக்கும். ஆம்பியரில் ஆயிரத்தில் முப்பது பங்கு வேறு வழியில் கசிந்தாலே கண் சிமிட்டுவதற்குள் வெட்டிவிடும்.

டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போனால் நாமே ஏறிப் போடக் கூடாது. எத்தனையோ குடும்பங்கள் இதில் விளக்கை இழந்திருக்கின்றன. அறுந்து கிடக்கிற கம்பிக்குப் பக்கத்தில் போகாதீர்கள். ஆட்களையும் ஆடு மாடுகளையும் தள்ளி நிறுத்திவிட்டு, மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். கொட்டகையில் ஒருவருக்குக் கரண்டு பிடித்துக்கொண்டால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை இறக்குங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிடுங்கள். மூச்சில்லை என்றால் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, உதவி வரும் வரை நெஞ்சின் நடுவில் இரண்டு கையாலும் விட்டுவிட்டு அழுத்திக்கொண்டே இருங்கள்.

காட்டுப் பன்றிக்கு என்று வேலியில் கம்பத்துக் கரண்டைப் பாய்ச்சுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வேலிக்குப் பன்றி எது, இருட்டில் மடை திருப்ப வருகிற பங்காளி எது என்று தெரியாது. அது சட்டப்படி குற்றம். உயிர் போனால் சிறைதான். அனுமதி பெற்றுப் போடுகிற சோலார் வேலி வேறு வகை. அதில் கண்டென்சர் மின்சாரத்தைத் தேக்கி, வினாடிக்கு ஒரு தடவை மிகச் சிறிய நேரம் மட்டும் விடும். அடி விழும், பயம் வரும், உயிர் போகாது. மின்வேலி போடுவதற்குத் தமிழ்நாட்டில் 2023-ல் தனி விதிகளே வந்திருக்கின்றன. வனத்துறை அலுவலகத்தில் கேட்டுச் செய்யுங்கள்.

இன்றே செய்ய வேண்டியது

மோட்டார் தகட்டிலுள்ள ஆம்பியரைக் கொட்டகைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். பக்கத்தில், நன்றாக ஓடும்போது மீட்டர் காட்டுகிற ஆம்பியரையும் எழுதுங்கள். வீட்டில் மோட்டார் போடப் போகிறவர் மனைவியோ மகனோ யாராக இருந்தாலும், அந்த இரண்டு எண்ணையும் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். குச்சியை எடுங்கள், முறுக்குக் கம்பியை எடுங்கள், ரிலேயைச் சரியான அளவுக்கு இறக்குங்கள். எர்த் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். பழைய மோட்டாரை மாற்ற நினைக்கிறவர்கள் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் மானியம் உண்டா என்று விசாரியுங்கள்.

விக்கிரமங்கலம் பக்கத்துப் பெரியவர் இதையெல்லாம் செய்தார். அடுத்த கோடையில் ஒரு நாள் என்னைப் பார்த்ததும், "என்ன சார், ரிலே ரெண்டு தடவை விழுந்துடுச்சு. உங்க பேச்சைக் கேட்டு ராத்திரித் தண்ணி போச்சு" என்று கோபித்துக்கொண்டார். "மூணு பேஸும் இருந்துச்சாங்க?" என்று கேட்டேன். சற்று யோசித்தார். "இல்லீங்க, மறுநாள்தான் ஒரு பேஸ் இல்லன்னு தெரிஞ்சுது. வந்து சரி பண்ணிட்டுப் போனாங்க."

"மோட்டார்?"

"ஓடுதுங்க" என்றார். பிறகு சிரித்துவிட்டார்.

ஒரு இரவுத் தண்ணீர் போயிற்று. மோட்டார் நின்றது, கரும்பும் நின்றது. நீங்களும் இன்றைக்கு உங்கள் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். மெயினை இறக்கிவிட்டுத் திறக்க வேண்டும் என்று மறுபடியும் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.